ஒரு பலகைக்குள் இரண்டு கடிகாரங்கள்

2012 செப்டம்பரில் ராஸ்ப்பெரி பை அறக்கட்டளை தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. 700 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பலகையை 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை விரட்டிக்கொள்ளலாம், அதனால் உத்தரவாதம் போய்விடாது என்றது. கணினி விற்பவர்கள் வழக்கமாக இதற்கு நேர்மாறாகத்தான் பேசுவார்கள். குறித்த வேகத்தைத் தாண்டினால் பொருள் கெடும், கெட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்பது அவர்களுடைய பழைய பல்லவி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இந்தச் சின்ன அமைப்போ, அமைப்புப் பட்டியலிலேயே ஐந்து படிகளைப் போட்டுக் கொடுத்தது: 700, 800, 900, 950, 1,000. கடைசிப் படிக்கு ‘டர்போ’ என்று பெயர்.

பலகை கடைக்கு வந்து அப்போது ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று ஈபன் அப்டனும் அவருடைய கூட்டாளிகளும் 35 டாலர் விலையில் கொண்டுவந்த பொருள் அது. செயலி, நினைவகம், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் உள்ளங்கை அகலத்தில் ஒரே பலகையில் அடங்கிவிடும். பிள்ளைகளோடு பிள்ளைகளாக அதை வாங்கிப்போனவர்களில் இசைப் பிரியர்களும் உண்டு. அதில் மின்விசிறி இல்லை, இரைச்சல் இல்லை. இரவும் பகலும் ஓடவிட்டாலும் மின்கட்டணத்தில் தெரியாது. ஒரு பக்கம் பாட்டுகள் நிறைந்த ஹார்டு டிஸ்க், மறுபக்கம் ஆம்ப்ளிஃபயர், நடுவில் இந்தப் பலகை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க வேண்டிய இசைக் கருவியின் வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

முடிந்தது என்று நினைத்தபோதுதான் தொல்லை தொடங்கியது. குறுந்தட்டுத் தரத்தில் ஒழுங்காகப் பாடிய பலகை, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்தரக் கோப்புகளைக் கொடுத்ததும் சில சமயம் திக்கியது, ‘டிக் டிக்’ என்று இடையே வெடித்தது. உடனே பலருடைய கை டர்போவுக்குப் போனது. திக்கல் நின்றதாகச் சிலர் சொன்னார்கள். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், குரலே தெளிவாகிவிட்டது என்றார்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கூற்றுகளாகத் தெரிந்தாலும், முதலாவது நடக்கக்கூடியது. இரண்டாவது நடக்க வழியே இல்லை. பலகைக்குள் இரண்டு வகைக் கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று வேலையை முடிக்க, மற்றொன்று நேரத்தை அளக்க. குறித்த வேகத்துக்கு மேல் செயலியை விரட்டும் ஓவர்கிளாக்கிங் தொடுவது முதலாவதை மட்டும்.

வேகத்தின் விலை

செயலியின் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பதிவேட்டிலிருந்து கிளம்பும் சமிக்ஞை, வரிசையாகப் பல டிரான்சிஸ்டர் வாயில்களைக் கடந்து, அடுத்த துடிப்புக்குள் அடுத்த பதிவேட்டில் போய் நிற்க வேண்டும். சிப்புக்குள் இப்படிப்பட்ட பாதைகள் கணக்கில்லாமல் உண்டு. அவற்றுள் மிக நீளமானது எதுவோ அதுதான் சிப்பின் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது. அந்தச் சமிக்ஞை போய்ச் சேர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், பதிவேடு பழைய மதிப்பையோ தவறான மதிப்பையோ வாங்கிக்கொள்ளும்.

தயாரிப்பாளர் இந்த எல்லையில் கொண்டுபோய் வேகத்தைக் குறிப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் சிப்புகளில் மிக மந்தமானதும், மிகச் சூடான இடத்தில், கொஞ்சம் குறைவான மின்னழுத்தத்திலும் பிழையின்றி ஓட வேண்டும் என்று விளிம்பு விட்டே குறிப்பார். நம் கையில் இருக்கும் சிப் அவ்வளவு மந்தமாக இல்லாவிட்டால் அந்த விளிம்பு நமக்கு லாபம். ஓவர்கிளாக்கிங் என்பது அந்த விளிம்பைத் தின்பதுதான். பக்கத்து வீட்டுப் பலகை 1,000ல் ஓடுகிறது என்பதால் நம்முடையதும் ஓடும் என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

விளிம்பு போதாதபோது மின்னழுத்தத்தை ஏற்றுகிறோம். அழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து திறந்து மூடும். முதல் ராஸ்ப்பெரி பையின் செயலிக்கு இயல்பான அழுத்தம் 1.2 வோல்ட், டர்போ அதை 1.35 ஆக்கும். கேட்பதற்குச் சின்ன உயர்வு. ஆனால் சிப் செலவழிக்கும் திறன், மின்னழுத்தத்தின் இருபடியோடும் துடிப்பு வேகத்தோடும் சேர்ந்து ஏறும். அழுத்தத்தால் 1.27 மடங்கு, வேகத்தால் 1.43 மடங்கு, பெருக்கிப் பார்த்தால் 1.8 மடங்கு. நூற்றுக்கு 43 வேகம் கூட்ட, நூற்றுக்கு 80 மின்திறன் கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்த எண்பதும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

அதனால் டர்போவுக்கு ஒரு காவலாளியை வைத்தார்கள். வேலை வந்தால் மட்டும் வேகமும் அழுத்தமும் ஏறும், ஓய்ந்தால் இறங்கும். சிப்பின் சூடு 85 டிகிரி செல்சியஸை எட்டினால் கூடுதல் வேகம் தானாகப் பறிபோகும். அந்தக் காவலாளியைத் துரத்திவிட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடு என்று கட்டாயப்படுத்தி, கூடவே அழுத்தத்தையும் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு பொறி இருந்தது. சிப்புக்குள் ஒரு பிட் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் அது அழியாது. உத்தரவாதம் கேட்டு வந்தால் அதுவே சாட்சி.

அந்தப் பலகையில் அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டியவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் பதிப்புகளில் நினைவகச் சிப் செயலியின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. நாம் ஒட்டிய அலுமினியம் தொட்டது நினைவகத்தை. செயலியின் சூடு அதைக் கடந்துதான் மேலே வர வேண்டும். அறையின் வெப்பமும் கணக்கில் சேரும். பலகை பிறந்த கேம்பிரிட்ஜின் 20 டிகிரி அறையில் கிடைக்கும் இடைவெளி, சென்னையின் மே மாதத்து 38 டிகிரியில் கிடைக்காது. காற்று புகாத பெட்டிக்குள் வேறு பலகையை வைத்துவிட்டால், காவலாளி அடிக்கடி எழுந்து வருவார்.

எல்லை மீறினால் புகை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வருவது பிழை. டர்போவில் செயலியோடு சிப்பின் மையப் பகுதியும் 250லிருந்து 500 மெகாஹெர்ட்ஸுக்குப் போகிறது. நினைவகமும் சேர்ந்து ஓடுகிறது. எங்கோ ஒரு பிட் புரண்டால் கணினி உறைந்து நிற்கலாம். அதைவிட மோசம், எஸ்டி அட்டையில் தவறான எண்கள் எழுதப்பட்டு, மறுநாள் பலகை எழுந்திருக்காமலே போகலாம்.

இரண்டு மாதிரிகளுக்கு நடுவே

இனி இசைப் பக்கம் வருவோம். எண்முறை ஒலி என்பது, ஒலியலையின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எழுதிய எண்களின் வரிசை. ஒவ்வோர் அளவுக்கும் மாதிரி என்று பெயர். குறுந்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட். இடது வலது இரண்டையும் சேர்த்தால் நொடிக்கு 14 லட்சத்துச் சொச்சம் பிட்கள். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் அது 92 லட்சம்.

செயலியின் கண்ணால் இதைப் பார்க்கலாம். குறுந்தட்டு ஒலியில் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 22.7 மைக்ரோநொடி. 700 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு அதற்குள் சுமார் 15,870 துடிப்புகள் கிடைக்கும். 192 கிலோஹெர்ட்ஸில் இடைவெளி 5.2 மைக்ரோநொடியாகச் சுருங்குகிறது. கிடைப்பது 3,646 துடிப்புகள். டர்போ போட்டால் 5,208. இவ்வளவுதான் ஓவர்கிளாக்கிங் தரும் வரவு: ஒவ்வொரு மாதிரிக்கும் கூடுதலாக 1,562 துடிப்புகள்.

இது பெரிய வரவா? செய்ய வேண்டிய வேலையைப் பொறுத்தது. உயர்தர இசை பெரும்பாலும் ஃப்ளாக் வடிவில் சுருக்கி வைக்கப்படுகிறது. 2001ல் முதல் பதிப்பு வெளியான இந்த முறையில், சுருக்குவதற்குத்தான் உழைப்பு அதிகம், விரிப்பது எளிது. எவ்வளவு எளிது என்பதற்குப் பழைய ஐபாட்களே சான்று. 80 மெகாஹெர்ட்ஸ் செயலி கொண்ட அந்தக் கருவிகளில் ராக்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு ஃப்ளாக் கேட்டவர்கள் ஏராளம். அங்கே குறுந்தட்டு மாதிரி ஒன்றுக்குக் கிடைத்தவை 1,814 துடிப்புகள்தாம். நம் பலகைக்கு 192 கிலோஹெர்ட்ஸிலும், டர்போ இல்லாமலே, அதைப் போல இரண்டு மடங்கு கிடைக்கிறது. வெறும் ஃப்ளாக் கோப்பை விரித்து அனுப்புவதற்கு ஓவர்கிளாக்கிங் தேவையில்லை என்பது இந்த வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் செயலி மாதிரிக்கு மாதிரி உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை. நடுவில் நெட்வொர்க்கைக் கவனிக்கும், அட்டையிலிருந்து படிக்கும், வேறு நிரலுக்கு இடம் கொடுக்கும். அதனால்தான் பஃபர். மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது அது. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழும்; தொட்டி வறண்டால் மட்டும்தான் குழாய் விக்கும். அரை நொடிக்கான இசையை முன்கூட்டியே நிரப்பி வைத்தால், செயலி அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து நிரப்பிவிட்டுப் போகலாம். லினக்ஸின் ஒலி அடுக்கான அல்சாவில் பஃபர் வறண்டுபோவதற்கு ‘அண்டர்ரன்’ என்று பெயர். நம் காதில் விழும் திக்கல் பெரும்பாலும் அதுவே. குதிரைசக்தி கூடிய மோட்டாரை மாட்டினால் தொட்டி வறளாமல் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரின் ருசி மாறாது.

உண்மையில் மூச்சு வாங்கும் இடங்கள்

டர்போ நிஜமாகவே கைகொடுக்கும் வேலைகளும் உண்டு. முதலாவது, மாதிரி வேகத்தை மாற்றுவது. 44,100ஐ 1,92,000 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் விகிதம் 640க்கு 147. முழு மடங்காக இல்லாததால், புதிய மாதிரிகள் பெரும்பாலும் பழைய மாதிரிகளுக்கு இடைப்பட்ட புள்ளிகளில் விழும். ஒவ்வொரு புதிய மாதிரிக்கும் அக்கம்பக்கத்துப் பழைய மாதிரிகள் பலவற்றைத் தனித்தனி எடைகளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தரம் கூடக் கூட அந்தப் பெருக்கல்கள் நூற்றுக்கணக்கில் போகும். முதல் பையின் ஆர்ம் 11 செயலியில் ஒரே கட்டளையில் பல எண்களைப் பெருக்கும் நியான் வசதி கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் பெருக்க வேண்டும்.

இரண்டாவது, டிஎஸ்டி. 1999ல் சோனியும் ஃபிலிப்ஸும் கொண்டுவந்த சூப்பர் ஆடியோ குறுந்தட்டின் வடிவம் இது. ஒரு மாதிரிக்கு ஒரே பிட், நொடிக்கு 28,22,400 மாதிரிகள். எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் சிப்புக்கு டாக் என்று பெயர். டிஎஸ்டி தெரியாத டாக் சிப்புக்கு இதை அனுப்ப வேண்டுமானால் முதலில் வழக்கமான எண்களாக மாற்ற வேண்டும். இசைப் பலகைகளில் பரவலாக இயங்கும் எம்பிடி நிரல் எட்டு பிட்களை ஒன்றாக அள்ளி, வடிகட்டி, நொடிக்கு 3,52,800 மாதிரிகளாக மாற்றும். டாக் அதையும் ஏற்காவிட்டால் மறுபடி ஒரு வேகமாற்றம். இரண்டும் சேர்ந்தால் ஒற்றைக் கருச் செயலி திணறும்.

இங்கே ஓவர்கிளாக்கிங்கின் பயன் ஏறுமுகமாக வராமல் கதவு திறந்தாற்போல் வரும். நொடிக்கு 77 கோடித் துடிப்பு கேட்கும் வேலை ஒன்று இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸில் அது முடியவே முடியாது. எவ்வளவு பெரிய பஃபர் வைத்தாலும் ஒரு கட்டத்தில் வறண்டே தீரும். 1,000ல் செயலியின் 77 விழுக்காட்டில் முடிந்துவிடும். 850ல் ஓட்டினாலும் அதே இசைதான், 1,000ல் ஓட்டினாலும் அதே இசைதான். தேவை 770, அதைத் தாண்டிய பிறகு கூட்டுவதெல்லாம் சூடு.

மூன்றாவது எடுத்துக்காட்டு, ஓவர்கிளாக்கிங்கை அதன் இடத்தில் நிறுத்தும். அறையின் எதிரொலிக் கோளாறுகளைச் சரிக்கட்ட, 65,536 எடைகள் கொண்ட வடிகட்டி ஒன்றை இசையின் மேல் ஓட்டுவார்கள். புரூட்ஃபிர், கமில்லா டிஎஸ்பி போன்ற மென்பொருள்களின் வேலை இது. நேரடியாகச் செய்தால் குறுந்தட்டு ஒலிக்கே நொடிக்கு 578 கோடிப் பெருக்கல்கள். துடிப்புக்கு ஒரு பெருக்கல் என்றே வைத்தாலும் டர்போ போட்ட பலகைகள் ஆறு வேண்டும். ஆனால் 1965ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் உருமாற்ற முறையைக் கொண்டு, மாதிரிகளைக் கட்டுக்கட்டாக அலைவெண்களாக மாற்றி, பெருக்கி, திரும்ப மாற்றினால், மாதிரி ஒன்றுக்கு 65,536 பெருக்கல் என்பது நூறு, இருநூறு என்ற அளவுக்கு இறங்கிவிடும். மின்னழுத்தத்தை ஏற்றி வாங்கியது 1.43 மடங்கு. காகிதத்தில் யோசித்து வாங்கியது முந்நூறு, நானூறு மடங்கு, அதுவும் சூடில்லாமல்.

வேகத்தைக் குறைத்ததும் நின்ற வெடிப்பு

திக்கலுக்கெல்லாம் செயலியின் மந்தம்தான் காரணம் என்றால் கதை எளிது. முதல் பையில் யுஎஸ்பி டாக் மாட்டியவர்கள் கண்டது வேறு. செயலி பாதிக்கு மேல் சும்மா இருந்தது. ஆனாலும் ஒலியில் வெடிப்பு. டர்போ போட்டார்கள், வெடிப்பு போகவில்லை.

காரணம் பலகையின் அமைப்பில் இருந்தது. முதன்மைச் சிப்பிலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு யுஎஸ்பி பாதை. அதன் முனையில் இருந்த இன்னொரு சிப், அந்த ஒற்றைப் பாதையிலிருந்தே இரண்டு யுஎஸ்பி துளைகளையும் ஈதர்நெட்டையும் பிரித்துக் கொடுத்தது. நெட்வொர்க்கில் வரும் பாட்டும், டாக்குக்குப் போகும் பாட்டும் ஒரே சந்துக்குள் எதிரெதிரே போக வேண்டும். அதிவேக யுஎஸ்பியில் 125 மைக்ரோநொடிக்கு ஒரு சிறு சட்டகம்; நொடிக்கு 8,000. அந்நாளைய பல டாக்குகள் பழைய 12 மெகாபிட் வேகத்தில் பேசுபவை. அதிவேகப் பாதையில் மெதுவான கருவியோடு பேச, ஒரே பரிமாற்றத்தை இரண்டாகப் பிளந்து, முதல் பாதியைக் குறித்த சட்டகத்திலும் மறு பாதியைக் குறித்த இன்னொரு சட்டகத்திலும் அனுப்ப வேண்டும். இந்தப் பொறுப்பை அந்த யுஎஸ்பி வன்பொருள் தானே ஏற்காமல் செயலியின் தலையில் கட்டியது. செயலி வேறு குறுக்கீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த சில மைக்ரோநொடிகளில் சட்டகம் கடந்துபோனால், அந்தத் துணுக்கு ஒலி போனதுதான்.

அன்றைக்குப் பலர் கண்ட நாட்டு வைத்தியம் வேடிக்கையானது. தொடக்கக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்து யுஎஸ்பி முழுவதையும் 12 மெகாபிட்டுக்கு இறக்கினார்கள். பிளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது, வெடிப்பு நின்றது. குறுந்தட்டுத் தர இசைக்கு உள்ளே 1.4, வெளியே 1.4 மெகாபிட் என்பதால் அந்தச் சந்து போதும். உயர்தரக் கோப்புகளுக்குப் போதாது. நிரந்தரத் தீர்வு 2013, 2014 ஆண்டுகளில் வந்தது. பரிமாற்றத்தைப் பிளக்கும் வேலையை, செயலியின் மற்ற எல்லாக் குறுக்கீடுகளையும் தள்ளிவிட்டு முந்திக்கொள்ளும் ‘எஃப்ஐகியூ’ என்ற விரைவுக் குறுக்கீட்டிடம் ஒப்படைத்தார்கள். துடிப்பு வேகம் அப்படியே இருந்தது. எந்த வேலைக்கு முன்னுரிமை என்பது மாறியது.

சராசரியாக எவ்வளவு விரைவு என்பதும், கேட்ட கணத்தில் கை நீட்டுகிறதா என்பதும் வேறுவேறு. செயலியின் மெகாஹெர்ட்ஸ் முதலாவதைச் சொல்லும். இசைக்குப் பல நேரங்களில் வேண்டியது இரண்டாவது.

மற்றொரு கடிகாரம்

இதுவரை பார்த்ததெல்லாம் எண்கள் தவறாமல் போய்ச் சேர்வதைப் பற்றி. எண்கள் ஒலியாக மாறும் இடத்தில் வேறொரு கடிகாரம் ஆட்சி செய்கிறது.

முதல் பையின் ஹெட்போன் துளையை எடுத்துக்கொள்வோம். அங்கே டாக் சிப்பே கிடையாது. ஒரு மின்முனையை வேகமாக ஏற்றி இறக்கி, ஏறியிருக்கும் நேரத்தின் நீளத்தால் ஒலியின் உயரத்தைக் குறிக்கும் துடிப்பு அகல முறைதான். 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 48,000 ஆல் வகுத்தால் 2,083 படிகள். பதினொரு பிட் என்றால் 2,048 படிகள். ஆக, 24 பிட் கோப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தத் துளையில் பதினொரு பிட்டாகத்தான் வெளியே வரும். பின்னர் வந்த மென்பொருள் இதை ஓரளவு மேம்படுத்தியது. ஆனால் செயலியை 1,000க்கு ஏற்றியதால் இந்தத் துளைக்கு ஒரு பிட்கூடக் கூடியதில்லை.

அதனால்தான் பலகையின் மேல் அமரும் டாக் அட்டைகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் ஹைஃபைபெர்ரி, பிரிட்டனின் ஐக்யூஆடியோ ஆகியவை அவற்றுள் பேர்பெற்றவை. 2014ல் வந்த பி பிளஸ் பலகையின் 40 முனைகளில் மூன்று முனைகள் இசைக்கு: ஒன்றில் பிட் துடிப்பு, ஒன்றில் இடது வலது மாறுவதைக் குறிக்கும் துடிப்பு, ஒன்றில் எண்கள். ஐ ஸ்கொயர் எஸ் என்று இந்த இணைப்புக்குப் பெயர். குறுந்தட்டு ஒலிக்குப் பிட் துடிப்பு பொதுவாக 44,100ஐப் போல 64 மடங்கு, அதாவது 28,22,400 ஹெர்ட்ஸ்.

இந்த எண்ணைப் பலகையால் சுத்தமாகத் தர முடியாது. முதல் மூன்று தலைமுறைப் பலகைகளில் எல்லாத் துடிப்புகளும் 19.2 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் ஒன்றிலிருந்து பிறக்கின்றன. அதைப் பெருக்கிக் கிடைக்கும் 500 மெகாஹெர்ட்ஸை 28,22,400ஆல் வகுத்தால் 177.15. முழு எண் வரவில்லை. அதனால் சிப் பல முறை 177ஆலும் அவ்வப்போது 178ஆலும் வகுத்துச் சராசரியில் சரிக்கட்டுகிறது. ஒரு துடிப்புக்கும் இன்னொன்றுக்கும் 2 நானோநொடி முன்பின்னாக இருக்கும். இந்தத் தள்ளாட்டத்துக்கு ஜிட்டர் என்று பெயர்.

நானோநொடி என்ன செய்துவிடும்? 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியலை முழு உயரத்தில் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில், 1 நானோநொடி தவறி அளந்தால் உயரத்தில் வரும் பிழை, உச்சத்தில் சுமார் ஒரு லட்சத்தில் ஆறு பங்கு. 16 பிட் ஒலியின் ஒரு படி ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. ஆகவே நானோநொடித் தவறு இரண்டு படிகளைத் தின்றுவிடும். 24 பிட்டின் நுணுக்கமோ அதற்கும் 256 மடங்கு கீழே இருக்கிறது.

பல டாக் சிப்புகள் தமக்குள்ளேயே இந்தத் தள்ளாட்டத்தைச் சமன் செய்துகொள்கின்றன. இன்னும் நேரான வழி, அதிகாரத்தை இடம் மாற்றுவது. ஹைஃபைபெர்ரியின் டாக் பிளஸ் புரோ போன்ற அட்டைகளில் இரண்டு தனிப் படிகங்கள் இருக்கும்: 22.5792 மெகாஹெர்ட்ஸ், 24.576 மெகாஹெர்ட்ஸ். முதலாவது 44,100ஐப் போல சரியாக 512 மடங்கு. இரண்டாவது 48,000ஐப் போல 512 மடங்கு. 88.2, 176.4 போன்றவற்றுக்கு முதல் படிகம். 96, 192க்கு இரண்டாவது. அட்டை துடிப்பைக் கொடுக்கும், பலகை அதற்கேற்ப எண்களைக் கொடுக்கும். ஒத்திசைவற்ற முறையில் இயங்கும் யுஎஸ்பி டாக்கிலும் இதே ஏற்பாடுதான். தன் படிகத்தின் கணக்குப்படி மாதிரிகளைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ அனுப்பு என்று அது கணினிக்குச் சொல்லும்.

வேகத்தை ஏற்றும்போது மாறுவது செயலி, மையப் பகுதி, நினைவகம் ஆகியவற்றுக்கான பெருக்கிகள் மட்டும். ஐ ஸ்கொயர் எஸ் துடிப்பு வேறு பெருக்கியிலிருந்து வருகிறது. அட்டையிலுள்ள படிகமோ பலகையையே சட்டை செய்வதில்லை. ஓவர்கிளாக்கிங்கால் இசைக்கு ஏதாவது நேர வழி உண்டென்றால் அது கெடுதலின் பக்கம்தான்: செயலி இழுக்கும் மின்னோட்டம் கூடுதலாக ஏறி இறங்கும், அதே 5 வோல்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் டாக்குக்கு அந்த ஆட்டம் போய்ச் சேரலாம். நல்ல அட்டைகள் தமக்கென்று தனி மின்சீராக்கி வைத்துக்கொள்வது அதைத் தடுக்கத்தான்.

காதுக்கு எட்டுவது எவ்வளவு

192 கிலோஹெர்ட்ஸே காதுக்குத் தெரியுமா என்ற கேள்வி இன்னும் முடிந்த வழக்கில்லை. 2007ல் ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் மேயரும் மோரனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சூப்பர் ஆடியோ குறுந்தட்டு போன்ற உயர்தர மூலங்களை நேராகவும், நடுவில் குறுந்தட்டுத் தரத்துக்கு இறக்கும் கருவி ஒன்றைச் செருகியும், எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 49.8 விழுக்காடு, காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவே. 2016ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ், 18 ஆய்வுகளின் 12,000க்கும் மேற்பட்ட முயற்சிகளைச் சேர்த்து அலசினார். அங்கே 52.3 விழுக்காடு வந்தது; பயிற்சி பெற்றவர்களிடம் 60ஐ ஒட்டி. வேறுபாடு இருந்தாலும் அவ்வளவு மெல்லியது என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

கோப்பின் தரம் நான்கு மடங்கு கூடியும் காது இப்படித் தடுமாறுகிறது. கோப்பில் ஒரு பிட்கூட மாறாமல் செயலி மட்டும் விரைந்தபோது குரல் தெளிவானதாகச் சொல்பவரிடம், டர்போ எப்போது போட்டிருக்கிறது என்று சொல்லாமல் ஒரு முறை கேட்கச் சொல்ல வேண்டும்.

எதை முதலில் தொடுவது

2015ல் வந்த இரண்டாம் பையில் நான்கு கருக்கள், நியானும் உண்டு. 2019ல் நான்காம் பை 1.5 கிகாஹெர்ட்ஸோடு வந்தது. ஈதர்நெட்டுக்கும் யுஎஸ்பிக்கும் தனித்தனிப் பாதை கிடைத்தது. 2023ல் வந்த ஐந்தாம் பை 2.4 கிகாஹெர்ட்ஸ். ஹெட்போன் துளையையே எடுத்துவிட்டார்கள். முதல் பையில் டர்போ கேட்ட வேலைகளை இவை தூக்கத்தில் செய்யும். அலமாரியில் கிடக்கும் பழைய பலகைக்கு உயிர் கொடுப்பவர்களுக்கும், கனமான வடிகட்டிகளை ஓட்டுபவர்களுக்கும்தான் ஓவர்கிளாக்கிங் இன்றும் பேசத்தக்க பொருள்.

அவர்களும் கடைசியில் தொட வேண்டிய திருகு அது. திக்கல் வந்தால் முதலில் செயலியின் சுமையைப் பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறார். பிறகு மின்சாரம்: பலகைக்கு வரும் அழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், இதைக் கண்காணிக்கும் வசதியுள்ள பலகைகள் திரையில் மின்னல் குறி காட்டி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். மெலிந்த செல்போன் கேபிளால் வரும் வினை இது; டர்போ போட்டால் இன்னும் மோசமாகும். அடுத்தது பஃபர். அதற்கும் அடுத்து, மாதிரி வேகமாற்றம் தேவைதானா என்ற கேள்வி: பரவலாகப் பயன்படும் பிசிஎம் 5122 போன்ற டாக் சிப்புகள் உள்ளே வரும் ஒலியைத் தாமே எட்டு மடங்காக உயர்த்திக்கொள்கின்றன. அதே வகை வேலையைப் பலகையிலும் செய்து அதற்காக வேகத்தையும் ஏற்றுவது இரட்டைச் செலவு.

இவ்வளவுக்கும் பிறகு வேகத்தை ஏற்றத்தான் வேண்டும் என்றால் ஏற்றலாம். எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சோதிக்கும் கருவி பாட்டுக் கோப்பிலேயே இருக்கிறது. ஃப்ளாக் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும், சுருக்குவதற்கு முன்னிருந்த மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற 128 பிட் முத்திரையைப் பதித்து வைக்க இடம் உண்டு. கோப்பை விரித்து, கிடைத்த எண்களிலிருந்து அந்த முத்திரையைத் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட ஃப்ளாக் நிரலிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. இயல்பான வேகத்தில் தேறிய இசைத்தொகுப்பை, உயர்த்திய வேகத்தில் ஓர் இரவு முழுக்கச் சோதிக்க விடுங்கள். ஒரு கோப்பில் முத்திரை பிசகினாலும் வேகம் எல்லையைத் தாண்டிவிட்டது, ஒரு படி இறங்குங்கள். எல்லாம் பொருந்தினால், 700ல் கிடைத்த அதே எண்கள்தாம் 1,000லும் கிடைக்கின்றன என்பதற்குக் கையில் ஆதாரம் வந்துவிடும். பலகை நன்றாக ஓடுகிறது என்றும், டர்போவால் பாட்டில் எதுவும் மாறவில்லை என்றும் ஒரே நேரத்தில் சொல்லும் ஆதாரம் அது.